திரும்பி வந்தவர்களுக்கும் ஒரு மரம்

281, 277. இந்த இரண்டு எண்களும் கொஞ்ச காலமாக என்னை விடுவதாக இல்லை. முதல் எண், மெல்பர்னுக்கு மேற்கே உள்ள பாக்கஸ் மார்ஷ் என்ற சிற்றூரில், முதல் உலகப்போருக்குப் போன ஊர்க்காரர்களுக்காகச் சாலையின் இருபுறமும் நட்ட எல்ம் மரங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, எங்கள் வேலூரின் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்த கல்லில் இருப்பது. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அந்தக் கல் ஆங்கிலத்தில் சொல்கிறது. போர் ஒன்றுதான். அவர்கள் சண்டை போட்டதும் ஒரே பேரரசுக்காகத்தான். போன ஆட்களின் எண்ணிக்கைகூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஓர் ஊரில் ஆளுக்கொரு மரமும் மரத்துக்கொரு பெயர்ப்பலகையும் இருக்கின்றன, இன்னோர் ஊரில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது.

பாக்கஸ் மார்ஷ் பக்கம் நாங்கள் பழம் வாங்கப் போவோம். மெல்பர்னின் மேற்குப் புறநகர்களில் இருக்கிற நம்மவர்கள் பலருக்கும் அந்தச் சாலை பழக்கமானது. இரண்டு பக்கமும் தோட்டங்கள், ஆப்பிளும் செர்ரியும் ஸ்ட்ராபெரியும் விற்கிற கடைகள், தலைக்கு மேலே கூரை மாதிரி கிளை கோத்து நிற்கிற மரங்கள். இலையுதிர் காலத்தில் கல்யாணப் புகைப்படக்காரர்கள் வந்துவிடுவார்கள். அழகான சாலை என்பதைத் தாண்டி நான் அதிகம் யோசித்ததில்லை. ஒருமுறை காரை ஓரமாக நிறுத்தியபோது பக்கத்து மரத்தடியில் ஒரு பெயரைப் படித்தேன். அடுத்த மரத்தில் இன்னொரு பெயர். அதற்கடுத்ததிலும். இந்த ஊரில் இவ்வளவு பேர் செத்துப்போனார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். பெரும்பாலானவர்கள் சாகவில்லை, ஊர் திரும்பியவர்கள் என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. மரம் வைத்தது இறந்தவர்களுக்கு மட்டுமல்ல. போன எல்லோருக்கும் வைத்திருக்கிறார்கள்.

அந்த மரங்களை நட்ட நாள் 1918 ஆகஸ்ட் 10. பியூகிள் ஊதியதும் ஊரே ஒரே நேரத்தில் மண்ணைத் தள்ளி 281 கன்றுகளையும் நட்டது. தெற்கே ஆகஸ்ட் என்றால் குளிர்காலம். எல்ம் கன்றுகளை இலையில்லாத அந்தப் பருவத்தில்தான் நடுவார்கள். அந்தத் தேதியில் போர் முடிந்திருக்கவில்லை. முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. பிரான்ஸில் ஆஸ்திரேலியப் படைகள் மிகக் கடுமையாகச் சண்டையிட்ட வாரங்கள் அவை. அன்றைக்குக் குழியருகே நின்ற அம்மாக்களில் சிலருக்கு மகன் ஏற்கெனவே இல்லை என்பது தெரியும். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. தான் நடுவது, வந்து பார்க்கப்போகிற பையனுக்கான வரவேற்பா, வராமலே போகிறவனுக்கான கல்லறையா என்று தெரியாமலே மண்ணை அணைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த போர் நினைவுச் சின்னங்கள் எல்லாம் கணக்கு முடிந்த பிறகு எழுப்பியவை. இது அந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்தபோதே நட்டது.

அதைக் கல்லறை என்று சொல்வது மிகை இல்லை. இறந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டிஷ் பேரரசு முடிவு செய்திருந்தது. 50 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஆஸ்திரேலியாவிலிருந்து 4,16,000-க்கும் அதிகமானோர் படையில் சேர்ந்தார்கள். 60,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் எல்லாம் துருக்கியின் கல்லிப்போலியிலும் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பாலஸ்தீனத்திலும் கிடக்கிறார்கள். அன்றைய விவசாயக் குடும்பம் ஒன்று கப்பல் ஏறிப்போய்ப் பிரான்ஸில் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வருவது நடக்கிற காரியமா? மரம் பக்கத்தில் இருந்தது. சந்தைக்குப் போகிற வழியிலேயே இருந்தது.

மரம் இல்லாத வீடு

விக்டோரியா மாநிலத்தில் இப்படிப்பட்ட மரச்சாலைகள் ஊருக்கு ஊர் உண்டு. யூராக் என்ற மிகச் சிறிய கிராமம் 1916-லேயே தொடங்கிவிட்டது. மிகப் பெரியது பேலரட்டில் இருக்கிறது. சுமார் 22 கிலோமீட்டர் நீளம், 3,700-க்கும் மேற்பட்ட மரங்கள். அதைத் தொடங்கியவர்கள் லூகாஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள். ஏறக்குறைய 500 பேர். அவர்களுக்கு முன்னால் நின்றவர் அந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான டில்லி தாம்ஸன். பணம் திரட்டி, 1917 ஜூனில் அந்தப் பெண்களே இறங்கி மரம் நட ஆரம்பித்தார்கள். பேலரட் வரிசையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே பதவிப்படி அடுக்கவில்லை, படையில் சேர்ந்த வரிசைப்படி நட்டார்கள். முதலில் போன சாதாரணச் சிப்பாய்க்கு முன்னால் இடம், பிறகு போன அதிகாரிக்குப் பின்னால். போர்முனைக்குப் போன நர்சுகளுக்கும் மரம் இருக்கிறது.

அந்த 1917 ஜூன் என்ற தேதியை அப்படியே தாண்டிப்போகவும் எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று 1916 அக்டோபரில் ஒருமுறையும் 1917 டிசம்பரில் ஒருமுறையும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றார்கள். விக்டோரியா முதல் முறை வேண்டும் என்றும் அடுத்த முறை வேண்டாம் என்றும் வாக்களித்தது. வீட்டுக்கு வீடு, சர்ச்சுக்கு சர்ச் பிளவு. பேலரட்டின் முதல் கன்றுகள் மண்ணுக்குள் போனது இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் நடுவில். கடைசிவரை எல்லோரும் தாங்களாகவே சேர்ந்தவர்கள் என்பதால்தான், இறந்தவன் இறக்காதவன் என்று பிரிக்காமல் போனவன் ஒவ்வொருவனுக்கும் மரம் வைக்க வேண்டும் என்று அந்த ஊர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பெருமையான விஷயம்தான். ஆனால் அதே காரணத்தால் அந்த வரிசை இன்னொன்றையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். முந்நூறு பேர் இருக்கிற ஊரில், யார் வீட்டுப் பையனுக்கு மரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சண்டைக்குப் போகாத வாலிபர்களுக்கு வெள்ளை இறகு அனுப்பி அவமானப்படுத்திய காலம் அது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் பண்ணையைப் பார்த்துக்கொள்ள நின்றவன், கண் சரியில்லை என்று மருத்துவர் திருப்பி அனுப்பியவன், கொலை செய்யமாட்டேன் என்று மனதார நின்றவன், எல்லோரும் அந்தச் சாலையில்தான் வண்டி ஓட்டிப் போயிருப்பார்கள், வருஷக்கணக்காக, மரங்கள் வளர வளர.

இதை எழுதுவது அந்த மரங்களைக் குறை சொல்வதற்காக அல்ல. அந்த நிழலுக்குள் அந்த மனக்கசப்பும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தச் சாலை உண்மையாகப் பட்டது. எல்லா ஊரும் ஒரே மாதிரி செய்யவும் இல்லை. பெர்த் நகரின் கிங்ஸ் பார்க் மரச்சாலையும் ஹோபார்ட்டின் நினைவு மரச்சாலையும் உயிர் கொடுத்தவர்களுக்கு மட்டுமே. அவையும் மனதைத் தொடுபவைதான். ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது எல்லோருக்கும் மரம் வைத்த இந்தச் சின்ன ஊர்களின் ஏற்பாடு.

செத்த மரத்தின் பெயர்

என் நண்பர் ஒருவர் தமிழ்நாட்டில் சாலைப் பொறியாளராக இருந்துவிட்டு இங்கே வந்தவர். அண்ணா என்று கூப்பிடுவேன். பாக்கஸ் மார்ஷில் ஒரு சாலைச் சந்திப்பை மாற்றுவதற்காகச் சில எல்ம் மரங்களை எடுக்க வேண்டும் என்று திட்டம் வந்து, ஊர் திரண்டு எதிர்த்த பழைய கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார்: “மரம்னா ஒருநாள் சாகத்தான் போகுது. செத்ததுக்குப் பதிலா இன்னொரு கன்ன வெச்சு அதே பேர மாட்டினா, அது அந்த ஆளோட மரம் ஆயிடுமா? அவங்க அம்மாவா நட்டாங்க அத? எல்லார் பேரையும் ஒரு கல்லுல வெட்டி ஊர் நடுவுல வெச்சுட்டா ரோடும் அகலமாகும், பேரும் அழியாது.” நம்மூர் நெடுஞ்சாலைப் புளியமரங்களையும் இழுத்தார். பட்டை அடித்து எண் எழுதியிருப்போமே, நாலுவழிச் சாலை வந்தபோது அந்த எண்களைப் பட்டியல் போட்டுத்தான் வெட்டினோம், யாராவது ஒரு மரத்தைப் பெயர் சொல்லி நினைக்கிறார்களா என்றார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தச் சாலைகள் குதிரை வண்டிக்கு அளவெடுத்தவை. இன்றைக்கு அவற்றில் லாரிகள் போகின்றன. மரத்தில் மோதி ஆள் இறக்கிறார்கள். மின்கம்பிக்காக நடுக்கிளையை வெட்டி வெட்டி மரத்தை இரண்டாகப் பிளந்த மாதிரி ஆக்கிவிடுகிறார்கள்.

கல்லோடு ஒப்பிட்டால் மரத்துக்கு ஆகிற பாடும் அதிகம். கிங்ஸ் பார்க்கில் முதலில் வைத்த ஓக் மரங்கள் பெர்த்தின் மண்ணுக்குப் பிடிக்கவில்லை. பிறகு உள்நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். ஹோபார்ட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள் இருந்த வரிசை பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, பல மரங்களின் பெயர் தெரியாமல் போய், பிறகு குடும்பங்களும் ஆர்வலர்களும் சேர்ந்து ஒவ்வொரு மரமும் யாருடையது என்று தேடி மீட்டார்கள். எல்ம் மரத்துக்கு இன்னொரு கதை உண்டு. டச்சு எல்ம் நோய் பிரிட்டனில் மட்டும் கோடிக்கணக்கான எல்ம் மரங்களைத் தீர்த்துக்கட்டியது, வட அமெரிக்காவையும் விடவில்லை. ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இல்லை. அதனால் உலகில் எல்ம் மரம் முழு வயதுக்கு வளர்ந்து நிற்கிற அபூர்வமான இடங்களில் ஒன்றாக விக்டோரியா ஆகிவிட்டது. ஆனால் 1989-இல் எல்ம் இலைவண்டு வந்து சேர்ந்தது. அதிலிருந்து மரத்துக்கு மருந்து ஏற்றுவது வழக்கமான செலவாகிவிட்டது. இவ்வளவும் தேவையா என்று கேட்டால், எனக்குத் தேவை என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. ஏன் என்றுதான் சொல்ல முடியவில்லை.

அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு முதியவர். பேலரட்டுக்கும் தள்ளி ஒரு குக்கிராமம். ஒரு சமூகக் கூடம், மூடிப்போன பள்ளிக்கூடம், கொஞ்சம் வீடுகள். கூடத்தின் முன்னால் சாலையோரமாக முப்பது நாற்பது பழைய மரங்கள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் என் உயரத்துக்கு ஒரு கன்று, முட்டுக் கொடுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் பெயர்ப்பலகை இருந்தது. அவர் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். உங்கள் சொந்தக்காரரா என்று கேட்டேன். இல்லை, எங்கள் தாத்தாவின் மரம் அதோ அங்கே இருக்கிறது என்று கொஞ்சம் தள்ளி நின்ற பெரிய மரம் ஒன்றைக் காட்டினார். தாத்தா உயிரோடு திரும்பி வந்தவர். தன் மரத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாராம். ஆனால் வெயில் காலம் வந்தால் வாளியில் தண்ணீர் எடுத்துப்போய் இந்த இடத்தில் இருந்த மரத்துக்கு ஊற்றுவாராம். கூடப் போய் வராமல் போனவனின் மரம். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெற்றோரும் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். தாத்தாவுக்குப் பிறகு அப்பா ஊற்றினார். மரம் பெரிதான பிறகு தண்ணீர் தேவைப்படவில்லை. பல வருஷம் கழித்து ஒரு வறட்சியில் அது காய்ந்துபோனது. இப்போது புதுக்கன்று வைத்திருக்கிறார்கள், அதனால் திரும்ப என் முறை வந்திருக்கிறது என்றார். ஏதோ வீட்டு வேலையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அண்ணாவிடம் சொல்ல எனக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. அந்தக் கன்று இறந்தவனின் அம்மா நட்டது இல்லைதான். ஆனால் மரம் செத்தபோது ஓர் ஊர் உட்கார்ந்து, இது யாருடைய இடம், அவன் யார், அவனுக்கு யாராவது இருக்கிறார்களா என்று மறுபடி பேச வேண்டி வந்தது. கல்லில் வெட்டியிருந்தால் அந்தப் பேச்சுக்கு அவசியமே வந்திருக்காது. இன்னொன்றும் புரிந்தது. திரும்பி வந்தவர்களுக்கும் மரம் வைத்ததால்தான், திரும்பாதவனின் மரத்துக்குப் பக்கத்திலேயே அவனைத் தெரிந்த ஒருவனின் மரம் இருந்தது. அவனுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தது. இறந்தவர்களை மட்டும் தனியாக வரிசையில் நிறுத்தியிருந்தால் அவர்களை அறிந்தவர்கள் அந்த வரிசைக்கு வெளியே நின்றிருப்பார்கள். போய் வந்தவன் அந்தப் போரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனால் செய்ய முடிந்தது அந்தத் தண்ணீர்தான். அதைச் செய்ய அவனுக்கு ஓர் இடம் இருந்தது.

277 பேர்

அப்புறம் வேலூர் கல்லை முன்போல நினைக்க முடியவில்லை. 277-இல் 14 போனால் 263. அந்த 263 பேர் திரும்பி வந்து எங்கள் தெருக்களில்தான் நடந்திருக்கிறார்கள். பக்கத்தில் கம்மவான்பேட்டை இன்றைக்கும் ராணுவப்பேட்டை என்றே பேர் வாங்கிய ஊர். படைக்கு ஆள் போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஊர், போனவர்களின் எண்ணிக்கை, இறந்தவர்களின் எண்ணிக்கை என்று ஒரே வாசகத்தில் இப்படிப்பட்ட கற்களை அன்றைய அரசாங்கம் இந்தியாவெங்கும் ஊர் ஊராக வைத்தது. பெயர் இல்லை. இங்கு மட்டும் என்றும் இல்லை. ஈராக்கில் பாஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தவர்கள், 30,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையாகத்தான் போட்டார்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கல்லிப்போலியில் ஆஸ்திரேலியர்கள் பிடித்து நின்ற குன்றுகளுக்குக் கோவேறு கழுதைகளில் தண்ணீரும் உணவும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்தியப் படையினர். தண்ணீர் குடித்தவனுக்கு ஊரில் பெயரோடு ஒரு மரம் நிற்கிறது.

பெயர் வைத்து நினைப்பது நமக்குத் தெரியாத வழக்கமா என்றால் அதுவும் இல்லை. எங்கள் பகுதிக்குப் பக்கத்தில், செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்த சாதாரண வீரனுக்கும் கல்லில் பெயர் உண்டு. எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக்கூட விடாத மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் 277 மனிதர்களுக்குப் பெயர் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட்டு என்ன, மரம் நடலாமே என்று அண்ணா சொன்னார். நடலாம். வேம்போ புங்கனோ 277 கன்று நட இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடமே போதும். பலகையில் என்ன எழுதுவது?

பெயர்கள் எங்கேயோ இருக்கின்றன என்று நம்புகிறேன். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் ஊர்வாரியாக எழுதிய போர்ச்சேவைப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் பல காலம் கிடந்து, 2021-இல் இணையத்துக்கு வரத் தொடங்கின. 3,00,000-க்கும் மேற்பட்ட ஆட்களின் விவரம். தாத்தாவின் அப்பாவுடைய பெயரை அதில் தேடிக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. எங்கள் மாவட்டத்துக்கு அப்படி ஒன்று கிடைக்கும்வரை, தேட வேண்டிய இடம் வீடுகள்தான். அந்தப் போரில் பணிபுரிந்தவர்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில், வாங்கியவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் ஆங்கிலத்தில் குத்தியிருக்கும். வெள்ளிப் பதக்கம் என்பதால் பலவும் நகைக்கடையில் உருகிப் போயிருக்கும். எல்லாமும் போயிருக்காது.

வேலூர், குடியாத்தம், ஆரணி, கணியம்பாடி, கம்மவான்பேட்டை பக்கம் உங்களுக்குச் சொந்தம் இருந்தால், பழைய டிரங்குப் பெட்டியிலோ பூஜை அலமாரியிலோ அப்படி ஒரு பதக்கம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள். இருந்தால் விளிம்பைச் சுற்றிப் படம் எடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி போட்டோ விபூதி போட்டோ துலக்கிவிட வேண்டாம், எழுத்து அதில்தான் போகிறது. படிக்க முடிந்த பெயரையும், அவரைப் பற்றி வீட்டில் யாருக்காவது நினைவிருப்பதையும், அவர் திரும்பி வந்தவரா வராதவரா என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். திரும்பி வந்தவர் என்றாலும் அனுப்புங்கள்.